கஞ்சிரா பிறந்த ஊருக்கு ஒரு பயணம்

கச்சேரி மேடையில் மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக ஒரு மரவளையம் இருக்கும். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் வெறும் திறப்பு. தனி ஆவர்த்தனம் வரும்வரை பலர் அவரைக் கவனிப்பதே இல்லை. அவருடைய முறை வந்ததும், இடது கையில் தூக்கிப் பிடித்த அந்தச் சின்ன வளையத்திலிருந்து ‘கும்ம்’ என்று ஓர் ஓசை கிளம்பும் பாருங்கள், கேன்டீனுக்குப் போக எழுந்தவர்கூடத் திரும்பி உட்காருவார். இத்தனை சின்ன உருப்படிக்குள் இத்தனை பெரிய ஓசை எங்கே இருந்தது?

அதுதான் கஞ்சிரா. அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிவைத்த ஊர் புதுக்கோட்டை. திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, நார்த்தாமலை என்று சுற்றுலாப் பட்டியல் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி ஒரு நாள் இந்த மாவட்டத்தைச் சுற்றி வந்தேன். அந்தப் பயணம்தான் இது.

கஞ்சிராவுக்குப் போவதற்கு முன் கல்லைப் பார்த்துவிட வேண்டும். அதனால் முதல் பேருந்து குடுமியான்மலைக்கு. புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். வழியெல்லாம் செம்மண், தைல மரம், இடையிடையே யானை படுத்த மாதிரி மொட்டைப் பாறைகள். சிகாநாதர் கோயில் வாசலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மண்டபத்துச் சிற்பங்கள்தான். பத்துத் தலை ராவணனும் ரதியும் மெருகு குலையாமல் நிற்கிறார்கள். அங்கேயே அரை நாள் போய்விடும், ஜாக்கிரதை. சுவாமிக்குக் குடுமி வந்த கதை தெரியுமல்லவா? ராஜா வரும் நேரத்தில் கோயிலில் பூ இல்லை. அர்ச்சகர் தன் காதலியின் கூந்தலில் இருந்த பூவையே பிரசாதமாகக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. “இது ஏது?” என்று ராஜா கேட்க, “சுவாமிக்குக் குடுமி உண்டு” என்று அர்ச்சகர் அளந்துவிட, அவர் மானத்தைக் காக்க லிங்கத்தில் குடுமி முளைத்ததாம். அர்ச்சகரின் தப்புக்குத் தானே பொறுப்பேற்றுக்கொண்ட சுவாமி! எனக்கு மிகவும் பிடித்த தல புராணங்களில் இது ஒன்று.

நான் தேடிப் போனது மலையடிவாரத்தில் உள்ள குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சுவரை. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆச்சியிடம் வழி கேட்டேன். “பாட்டுக் கல்வெட்டா தம்பி? நேரா உள்ள போயி, பிள்ளையாருக்குப் பக்கத்துல பாருங்க. நீங்க வாசிச்சிருவீகளா?” என்றார். வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பார்க்க மட்டும் முடிந்தது.

13 அடிக்கு 14 அடி என்று சொல்லத்தக்க பரப்பில், கட்டம் கட்டின கணக்கு நோட்டு மாதிரி வரிசை வரிசையாக எழுத்துகள். மொத்தம் 38 வரிகள், ஏழு பகுதிகள். எழுத்து கிரந்தம். 7 அல்லது 8-ம் நூற்றாண்டு என்று எழுத்தமைதியை வைத்துச் சொல்கிறார்கள். ஏழு பகுதிகளும் அந்தக் காலத்து ஏழு ராகங்களுக்கானவை. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்பவை அவற்றின் பெயர்கள். சுரங்கள் நான்கு நான்காகக் கோத்து எழுதப்பட்டிருக்கின்றன. நாம் ‘ரி’ என்று ஒரே மாதிரி சொல்லும் சுரம் இங்கே ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓசையில் என்ன வித்தியாசம் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.

1904-ல் கல்வெட்டுத் துறையினர் இதைக் கண்டெடுத்தபோது இசை உலகம் அசந்துபோனது. கடைசியில், ருத்ராசாரியார் என்பவரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் குறிப்பு இருக்கிறது. அரசரின் பெயர் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. யாராக இருந்தால் என்ன, ‘மாணவர்களுக்காக’ என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. இது தானசாசனம் இல்லை, வெற்றிப் பெருமை இல்லை. பாடம். வகுப்பறைக் கரும்பலகையை மலையில் வெட்டிவைத்திருக்கிறார் ஒருவர். பக்கத்திலேயே ‘பரிவாதினி’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது ஏழு நரம்புள்ள வீணை வகையின் பெயர். இசை ஆய்வாளர் லலிதாராம் தன்னுடைய இசை அமைப்புக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்.

கல்லில் வெட்டிவிட்டால் அழியாது என்று நினைத்துக்கொண்டு திருமயம் போனால் அந்த எண்ணம் கலைந்துவிடும். புதுக்கோட்டைக்குத் திரும்பி, தெற்கே இன்னொரு 20 கிலோமீட்டர். கோட்டைக்குக் கீழே ஒரே பாறையில் அடுத்தடுத்து சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும். சிவன் கோயில் குடைவரையில் குடுமியான்மலையில் உள்ளதைப் போலவே ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். 13-ம் நூற்றாண்டில் இரண்டு கோயில்காரர்களுக்கும் இடையே வருமானத் தகராறு முற்றி, பஞ்சாயத்து நடந்து, தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை வெட்ட இடம் வேண்டுமே? பாட்டு எழுதியிருந்த சுவரைச் செதுக்கித் தள்ளிவிட்டு அதன்மேல் வெட்டினார்கள். ஓரங்களில் துண்டு துணுக்காகச் சில எழுத்துகள்தான் மிச்சம். பங்குத் தகராறில் பாட்டு போனது! நம் குடும்பங்களில் பார்க்காததா என்ன?

மாலையில் புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தேன். சமஸ்தானத் திவானாக இருந்த சேஷய்யா சாஸ்திரியின் காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட ஊர். ராஜவீதிகள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். புதுக்குளமும் பல்லவன் குளமும் ஊருக்குள் குளிர்ச்சி. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை தொண்டைமான்கள் ஆண்ட தனி சமஸ்தானம் இது. அம்மன் காசு என்று தனக்கென ஒரு செப்புக்காசு வைத்திருந்தது. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள்.

அந்தச் சமஸ்தானத்தில் வாழ்ந்தவர்தான் மான்பூண்டியா பிள்ளை. மாமுண்டியா பிள்ளை என்றும் சொல்வார்கள். விளக்கேற்றும் வேலையில் இருந்தவர், தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்றுக்கொண்டவர் என்று கச்சேரி வட்டாரத்தில் அவரைப் பற்றிக் கதை உண்டு. கஞ்சிரா அவருக்கு முன்பும் இருந்தது. பஜனைக் கோஷ்டியில், தெருப்பாட்டில், ஆட்டத்தில் தட்டிக்கொண்டு போகிற டேப்பு வகையறா அது. 1880-களை ஒட்டி அவர் அதை எடுத்து அளவைச் சுருக்கி, அமைப்பைத் திருத்தி, மிருதங்கத்துக்குப் பதில் சொல்லும் வாத்தியமாக ஆக்கினார். கும்பகோணம் போய், அந்தக் காலத்து மிருதங்க மகான் நாராயணசாமி அப்பாவின் முன்னால் வாசித்து அவரையே அசத்தியதாகவும் கதை சொல்கிறார்கள். தெருவில் தட்டிய சாமானைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மிருதங்கத்தோடு சமமாக உட்காருவது அன்றைக்குச் சாதாரணக் காரியமாக இருந்திருக்காது.

அவரால் ஒரு பரம்பரையே கிளைத்தது. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, 1875-ல் பிறந்து 1936 வரை வாழ்ந்தவர், கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் கொடிகட்டியவர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். இடக்கைக்காரர் மிருதங்கம் வாசித்தால் மேடையில் வயலின்காரரும் அவரும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காத வித்வான்கள் உண்டு. அதையும் மீறி, பாலக்காடு மணி ஐயரோடு ஒரே மூச்சில் சொல்லப்படும் பெயராக அவர் உயர்ந்தார். லலிதாராம் எழுதிய ‘துருவ நட்சத்திரம்’ அவருடைய வாழ்க்கைதான். கிடைத்தால் படித்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு வாருங்கள். தெருக்கள் வேறு மாதிரி தெரியும். தஞ்சாவூர் பாணி என்றால் பாட்டுக்கு அணைவு, புதுக்கோட்டை பாணி என்றால் கணக்கு என்று ரசிகர்கள் சுருக்கமாகப் பிரிப்பார்கள். இந்த மாதிரிச் சுருக்கங்களில் பாதிதான் உண்மை இருக்கும். பழனியின் மிருதங்கத்தை ஒரு பழைய ஒலிப்பதிவில் கேட்டால், கணக்கைவிட அதன் சுகம்தான் முதலில் தெரிகிறது.

இனி அந்த வளையத்துக்கே வருவோம். உடம்பு பலாமரம். ஏழு முதல் ஒன்பது அங்குல அகலம் இருக்கும். பலாவுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு பலா. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையோடு சேர்த்து அவற்றையும் ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. கன்று வைத்து மறுபடி வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளையத்தின் பக்கவாட்டில் ஒரு பிளவு. அதில் கிலுங்குவதற்கு இரண்டு மூன்று உலோக வில்லைகள். பழைய காசையே கோப்பதும் உண்டு.

மேலே போர்த்துவது தோல். அது உடும்புத் தோல். இதில்தான் சங்கடமே இருக்கிறது.

உடும்புப் பிடி என்கிறோம். இந்த மாவட்டத்துக் கரட்டுக்காட்டில் உடும்புக்குக் குறைவில்லாமல் இருந்த காலம் உண்டு. அதன் தோல் மெல்லியது, அதே சமயம் உறுதியானது. ஈரம் பட்டால் இளகிக்கொடுக்கும். இடது கை விரல்களால் ஓரத்தில் அழுத்தினால் ஓசை மேலே ஏறும், விட்டால் கீழே வழுக்கும். அந்த வழுக்கல்தான் கஞ்சிராவின் குரல். கஞ்சிராவை இந்தச் சுருதிக்கு என்று மிருதங்கத்தைப் போலக் கூட்டிவைக்க முடியாது. வெறும் தோலாக இருக்கும்போது விறைத்துக்கொண்டு கீச்சென்று கத்தும். உள்பக்கமாக நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துத் தடவி, சில நிமிஷம் பொறுத்தால் அடித்தொண்டைக்கு இறங்கும். கச்சேரிக்கு நடுவே காய்ந்துவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். அதற்குத்தான் வித்வானுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கிண்ணம். குடிக்க என்று நினைத்திருப்பீர்கள்.

ஊரில் பிள்ளைகளுக்குக் கஞ்சிரா சொல்லிக்கொடுக்கிற ஒரு வாத்தியார், பெயர் வேண்டாம் என்றார், எனக்கு வாசித்துக் காட்டினார். “தண்ணி கூடிப்போச்சுன்னா ஊமையாயிரும்ங்க. கொறைஞ்சா நாய் கொலைக்கிற மாதிரி இருக்கும். அந்த நடு இடம் எதுன்னு கைக்குத்தான் தெரியும், வாயால சொல்லத் தெரியாது” என்றார். அவர் கையில் இருந்தது ஆட்டுத்தோல் கஞ்சிரா.

காரணம் சட்டம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்ல, தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. சர்வதேச வணிகத்திலும் அதற்குத் தடை. கறிக்காகவும் மருந்து என்ற நம்பிக்கையிலும் தோலுக்காகவும் அடித்து அடித்து உடும்பு அருகிப்போனதால் வந்த நிலை இது. சங்கீதம் மட்டும் அதைத் தீர்த்துவிடவில்லை என்பது உண்மை. சங்கீதத்துக்கு மட்டும் விலக்கு கொடு என்று கேட்பதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

இது கஞ்சிராவுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. பூமிப் பந்தின் மறுபக்கத்தில் இன்னொரு வாத்தியம் இதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. மரிம்பா. திரைப்படப் பின்னணியில் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். குடத்துக்குள் மழைத்துளி விழுகிற மாதிரி, மரமும் தண்ணீரும் கலந்த ஓர் ஓசை. பியானோக் கட்டைகளைப் போல மரப்பட்டைகளை வரிசையாக அடுக்கி, நுனியில் நூலுருண்டை சுற்றிய குச்சிகளால் அடிப்பார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய் தொங்கும். ஓசையை அதுதான் பெருக்கும். பெரிய கச்சேரி மரிம்பாவில் ஐந்து ஸ்தாயி, 61 பட்டைகள். ஆப்பிரிக்காவில் வேர்விட்ட குடும்பம் அது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. இன்று மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டுக்கு அதுதான் தேசிய வாத்தியம்.

அந்த நாட்டுப் பழைய மரிம்பாவில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சின்ன ஓட்டை போட்டு, பன்றிக் குடலின் மெல்லிய சவ்வைத் தேன்மெழுகால் அதன்மேல் ஒட்டுவார்கள். பட்டையை அடித்ததும் சவ்வு அதிர்ந்து ‘ங்ர்ர்’ என்று வண்டு முரலுகிற மாதிரி ஓர் ஓசை சேரும். அது இல்லாவிட்டால் மரிம்பாவே இல்லை என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். நம் தம்புராவுக்கு ஜீவாளி நூல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பன்றிக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை மரத்தில் வந்தது. கச்சேரி மரிம்பாவுக்கு உயர்வு என்று பெயர் வாங்கியது ஹோண்டுராஸ் ரோஸ்வுட். நம் ஈட்டி மரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். வெட்டி வெட்டி அருகிப்போனதால் 2013-ல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2017 ஜனவரியில் நம் ஈட்டி உள்பட அந்த மரக்குடும்பம் முழுவதையுமே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வாத்தியத்தோடு வெளிநாடு போகிற கலைஞர்கள் விமான நிலையங்களில் திண்டாடிய பிறகு, 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. இதற்கிடையே வேறு மரத்திலும் செயற்கைப் பொருளிலும் பட்டைகள் வந்துவிட்டன. வெயிலிலும் மழையிலும் சுருதி மாறாது, பள்ளிக்கூட அணிவகுப்புக்கு அதுதான் வசதி என்று வாங்குகிறார்கள். பெரிய மேடைக்காரர்கள் மரத்தை விடவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். மரிம்பாவில் 61 ஓசைக்கு 61 பட்டை. ஒன்று சரியில்லை என்றால் அதை மட்டும் மாற்றலாம். கஞ்சிராவில் அத்தனை ஓசையும் ஒரே தோலில் இருந்து வர வேண்டும். தோல் மாறினால் குரல் முழுவதும் மாறும்.

இந்த இரண்டு வாத்தியங்களும் ஒரே கட்டடத்துக்குள் வாழ்வதும் உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் கனடாவின் டொரன்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தில் 1971 முதல் பல பத்தாண்டுகள் பாடம் நடத்தினார். மிருதங்கமும் கஞ்சிராவும் அவர் கையோடு போயின. மரிம்பாவும் டிரம்ஸும் படித்த மேற்கத்தியப் பிள்ளைகள் வாயால் ‘தகதிமி’ சொல்லிக் கணக்கு கற்றுக்கொண்டார்கள். புதுக்கோட்டை விளக்கேற்றியின் சீடப் பரம்பரை டொரன்டோவின் பனியில்! 2024-ல் கிராமி விருது வாங்கிய சக்தி குழுவில் செல்வகணேஷின் கையில் இருந்ததும் இந்த வளையம்தான்.

இன்றைக்குக் கஞ்சிராக்காரர்கள் மூன்று விதம். தாத்தா காலத்து உடும்புத் தோலைப் பொக்கிஷமாகப் போர்த்தி வைத்திருப்பவர்கள் ஒரு விதம். ஆட்டுத்தோலைச் சீவி மெலிதாக்கிப் பழகிக்கொண்டவர்கள் இன்னொரு விதம். செயற்கைத் தோலுக்குப் போய்விட்டவர்கள் மூன்றாவது. தண்ணீரும் வேண்டாம், ஏசி அரங்கிலும் குரல் மாறாது. அந்த அடித்தொண்டைக் ‘கும்’ மட்டும் பழைய ஆழத்துக்கு இறங்கவில்லை என்பது பழைய ரசிகர்களின் குறை. நான் கேட்டவரையில் அந்தக் குறை நியாயமானதுதான். ஒலிவாங்கி வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஓரளவுக்கு ஈடாகவும் செய்கிறது. ஆனால் மான்பூண்டியா பிள்ளையும் கையில் கிடைத்ததை இருந்தபடி ஏற்றுக்கொண்டவர் இல்லையே. பஜனை வளையத்தை வெட்டி ஒட்டித் திருத்தித்தானே மேடைக்குக் கொண்டுவந்தார்! அவர் பெயர் நிலைத்தது. பலாவைக் கடைந்தவர், தோலைப் பதமாக்கி ஒட்டியவர் யார் பெயரும் நிலைக்கவில்லை. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கஞ்சிரா செய்கிறவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். புதிய தோலுக்கு வழி கண்டுபிடிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அந்த வாத்தியாரின் வகுப்பு ஆறரை மணிக்கு ஆரம்பித்தது. அதற்கு முன் கிடைத்த நேரத்தில் திருக்கோகர்ணம் போய் பிரகதாம்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்தில்தான் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் பகலிலேயே பார்த்துவிடுங்கள்.

வகுப்பில் ஐந்து பிள்ளைகள், மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். எல்லோரிடமும் ஆட்டுத்தோல். உடும்புத் தோல் கஞ்சிராவை அவர்களில் யாரும் நேரில் கேட்டதில்லை. எட்டாவது படிக்கிற பெண் கிண்ணத்தில் விரலை நனைத்து, உள்பக்கம் தடவி, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தாள். முகம் சுளித்தாள். இன்னும் ரெண்டு சொட்டு. மறுபடி தட்டினாள். “இப்ப எறங்கிருச்சு சார்” என்றாள். வாத்தியார் கையில் தாளம் போட ஆரம்பித்தார்.